படர்தாமரை ஏன் போகவே மாட்டேங்குது? ஒரு க்ரீம் டியூப்பும் நான்கு மருந்துகளும் சொல்லும் கதை

"அண்ணா, தொடையில ஒரே அரிப்பு. ஏதாவது க்ரீம் குடுங்க."

வேலை முடிந்து வீடு திரும்பும் வழியில், மெடிக்கல் ஷாப் கவுன்டரில் குரலைத் தாழ்த்திச் சொல்லப்படும் வார்த்தைகள் இவை. கடைக்காரர் மேற்கொண்டு எதுவும் கேட்பதில்லை. ஒரு டியூப் கைக்கு வருகிறது. விலை ஒரு பிரியாணியைவிடக் குறைவு. இரண்டே நாளில் அரிப்பு நின்றுவிடுகிறது, சிவப்பும் மங்கிவிடுகிறது. 'சூப்பர் க்ரீம்டா' என்று ரூம்மேட்டுக்கும் சிபாரிசு போகிறது.

மூன்றாவது வாரம் அதே இடத்தில் மறுபடியும் அரிப்பு. இந்த முறை வட்டம் பெரிதாகி இடுப்பு வரை ஏறியிருக்கிறது. மறுபடியும் அதே கடை, அதே டியூப். இப்படி ஆறு மாதம், ஒரு வருடம் ஓட்டியவர்கள்தான் இன்று தோல் நோய்ப் பிரிவுகளில் வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

படர்தாமரை புதிய நோய் அல்ல. ஆனால் கடந்த பத்து ஆண்டுகளில் இந்தியாவில் அதன் குணமே மாறிவிட்டது. நோயை உண்டாக்கும் பூஞ்சை மாறியது, பழைய மாத்திரைகள் தோற்றன, இங்கே உருவெடுத்த ரகம் கண்டம் தாண்டியும் போய்விட்டது. இதில் அந்த டியூப்புக்கு என்ன பங்கு? ஆய்வுகள் என்ன சொல்கின்றன?

முதலில், படர்தாமரை என்றால் என்ன?

தோலின் மேல் அடுக்கில் இருக்கும் கெரட்டின் என்ற புரதத்தைத் தின்று வளரும் பூஞ்சைகளால் வரும் தொற்று இது. ஓரம் சிவந்து தடித்து, நடுப்பகுதி தெளிவாக, வட்டமாகப் படரும். தொடை இடுக்கு, இடுப்பு, பிட்டம், அக்குள், மார்புக்குக் கீழ் என வியர்வை தங்கும் இடங்கள்தான் அதற்குப் பிடித்தமானவை. ஒருவர் தோலிலிருந்து இன்னொருவருக்கும், துண்டு, படுக்கை, உடை வழியாகவும் பரவும்.

தேமல் வேறு, இது வேறு. தேமலும் பூஞ்சையால் வருவதுதான் என்றாலும் அதை உண்டாக்குவது வேறொரு வகை. அதில் அரிப்பு பெரும்பாலும் குறைவு, வைத்தியமும் வேறு.

முன்பெல்லாம் படர்தாமரைக்கு வைத்தியம் எளிது. டெர்பினாஃபின் என்ற மாத்திரையை இரண்டு முதல் நான்கு வாரம் சாப்பிட்டால் பெரும்பாலானவர்களுக்குச் சரியாகிவிடும். பாடப் புத்தகங்களில் இருந்ததும் அதுதான், டாக்டர்களின் அனுபவமும் அதுவாகவே இருந்தது.

எப்போது மாறியது?

இந்தியாவில் நீண்ட காலமாக இந்த நோய்க்கு முக்கியக் காரணமாக இருந்தது டிரைக்கோஃபைட்டான் ரூப்ரம் என்ற பூஞ்சை. 2010-களின் நடுப்பகுதியிலிருந்து பரிசோதனைக் கூடங்களில் வேறொரு பூஞ்சை அதிகமாகத் தென்படத் தொடங்கியது. முதலில் அதை ஏற்கெனவே தெரிந்த இனங்களின் ஒரு வகையாகவே கருதினார்கள். 2020-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள், இந்தியாவையும் நேபாளத்தையும் சேர்ந்த நோயாளிகளிடமிருந்து கிடைத்த மாதிரிகளை ஆராய்ந்து, அது தனி இனம் என்று அறிவித்தார்கள். வைத்த பெயர்: டிரைக்கோஃபைட்டான் இண்டோட்டினியே. பெயரிலேயே இந்தியா ஒட்டிக்கொண்டது.

இந்தப் பூஞ்சையின் தனித்தன்மைகள் இரண்டு. மனிதரிடமிருந்து மனிதருக்கு வேகமாகப் பரவும். அதனால் வீட்டில் ஒருவருக்கு வந்தால் மற்றவர்களும் தப்புவது கடினம். இன்னொன்று, டெர்பினாஃபின் இதன் பல ரகங்களிடம் எடுபடுவதில்லை.

மாத்திரை ஏன் தோற்றது?

பூஞ்சையின் உயிரணுவைச் சுற்றி ஒரு சவ்வு இருக்கிறது. அதைக் கட்ட எர்கோஸ்டீரால் என்ற பொருள் வேண்டும். அதைத் தயாரிக்கும் வேலையில் ஸ்குவாலீன் எபாக்ஸிடேஸ் என்ற நொதிக்கு முக்கியப் பங்கு உண்டு. டெர்பினாஃபின் அந்த நொதியில் போய் ஒட்டிக்கொண்டு வேலையை நிறுத்திவிடும். சவ்வு கட்ட முடியாமல் பூஞ்சை சாகும்.

இண்டோட்டினியேயின் பல ரகங்களில் இந்த நொதியை உருவாக்கும் மரபணுவில் சிறு மாற்றம் ஏற்பட்டிருக்கிறது. நொதியின் 397-ஆவது இடத்தில் ஃபீனைல் அலனைன் என்ற அமினோ அமிலத்துக்குப் பதிலாக லூசின் வந்து உட்கார்ந்திருப்பது அதிகம் காணப்படும் மாற்றம். பூட்டின் உள்ளே ஒரு பல் மாறினால் பழைய சாவி எப்படிச் சுற்றாதோ, அப்படித்தான் இதுவும். மாத்திரை ரத்தத்தில் கலந்து தோல் வரை போய்ச் சேருகிறது. ஆனால் ஒட்டிக்கொள்ள இடம் கிடைப்பதில்லை.

டெல்லியில் நடந்து 2018-இல் வெளியான ஓர் ஆய்வு, நோயாளிகளிடமிருந்து எடுத்த இந்த வகைப் பூஞ்சை மாதிரிகளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு டெர்பினாஃபினுக்குக் கட்டுப்படவில்லை என்று காட்டியது. மரபணு மாற்றங்களும் அதில் பதிவாகின.

200 பேர், 4 மருந்துகள்: வாரணாசி ஆய்வு

பரிசோதனைக் கூடத்தில் ஒரு மருந்து தோற்பது ஒன்று. நோயாளியின் உடலில் என்ன நடக்கிறது என்பது வேறு. அதைத் தெரிந்துகொள்ளத்தான் மருத்துவமனை ஆய்வு தேவை.

வாரணாசியில் பனாரஸ் இந்து பல்கலைக்கழகத்தின் தோல் மருத்துவர்கள் செய்த ஆய்வு ஒன்று 2020-இல் பிரிட்டிஷ் தோல் மருத்துவ இதழில் வெளியானது. படர்தாமரை உள்ள 200 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் நான்கு குழுக்களாகப் பிரித்தார்கள். குழுவுக்கு 50 பேர். ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு மாத்திரை: ஃப்ளூகோனசோல், க்ரைசியோஃபுல்வின், இட்ராகோனசோல், டெர்பினாஃபின். யாருக்கு எது என்று டாக்டர் தன் விருப்பப்படி தேர்வு செய்தால், நோய் முற்றியவர்களுக்கு 'வலுவான' மருந்து போய்விடும், ஒப்பீடு கெட்டுவிடும். குலுக்கல் எதற்கென்றால் அதைத் தவிர்க்கத்தான்.

நான்கு வார முடிவில் எந்தக் குழுவிலும் பத்தில் ஒருவர்கூட முழுதாகக் குணமாகவில்லை. எட்டு வார முடிவில் குணமானவர்கள்:

– இட்ராகோனசோல்: 66 சதவீதம்
– ஃப்ளூகோனசோல்: 42 சதவீதம்
– டெர்பினாஃபின்: 28 சதவீதம்
– க்ரைசியோஃபுல்வின்: 14 சதவீதம்

முதலிடம் பிடித்த மருந்தே இரண்டு மாதத்தில் மூன்றில் ஒருவரைக் குணப்படுத்தவில்லை என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது. ஒரு காலத்தில் முதல் தேர்வாக இருந்த டெர்பினாஃபின் மூன்றாவது இடத்துக்குத் தள்ளப்பட்டது. நான்கு மருந்துகளுமே தனியாகப் போதிய பலன் தரவில்லை என்பதை ஆய்வாளர்கள் கட்டுரையின் தலைப்பிலேயே சொல்லிவிட்டார்கள்.

டோஸைக் கூட்டினால் போதுமா?

'அப்படின்னா இட்ராகோனசோலையே டபுள் டோஸா குடுத்துடலாமே' என்று தோன்றும். அதையும் சோதித்துப் பார்த்தாகிவிட்டது. டெல்லியில் நடந்து 2022-இல் வெளியான ஆய்வில், ஒரு நாளைக்கு 100, 200, 400 மில்லிகிராம் என மூன்று அளவுகளை ஒப்பிட்டார்கள். யாருக்கு எந்த அளவு என்பது நோயாளிக்கும் தெரியாது, மருத்துவருக்கும் தெரியாது.

100-க்கும் 200-க்கும் இடையே பெரிய வித்தியாசம் இல்லை. 400 மில்லிகிராம் எடுத்தவர்கள் சற்று விரைவாகக் குணமானார்கள். ஆனால் மருந்தை நிறுத்திய பிறகு, மூன்று குழுக்களிலும் குணமானவர்களில் கிட்டத்தட்ட பாதிப் பேருக்கு நோய் திரும்பி வந்தது. டோஸைக் கூட்டியதால் அது குறையவில்லை.

அதாவது நோயைப் போக்குவது ஒரு பிரச்சினை, திரும்ப வராமல் பார்த்துக்கொள்வது இன்னொரு பிரச்சினை. முதலாவதுக்கு மாத்திரை உதவலாம். இரண்டாவதுக்கு வீடு, துணி, கூட இருப்பவர்கள் எல்லாமே கணக்கில் வர வேண்டும். இட்ராகோனசோலுக்கும் சரியாகக் கட்டுப்படாத ரகங்கள் பதிவாகத் தொடங்கியிருப்பதால், மிச்சமிருக்கும் இந்த மருந்தையும் கண்டபடி வீணடிக்க முடியாது.

டியூப்புக்குள் என்ன இருக்கிறது?

இப்போது மெடிக்கல் ஷாப்புக்குத் திரும்புவோம். அங்கே கொடுக்கப்படும் பல 'அரிப்பு க்ரீம்'களில் ஒரே ஒரு மருந்து இருப்பதில்லை. பூஞ்சைக்கு ஒன்று, பாக்டீரியாவுக்கு ஒன்று, கூடவே ஒரு ஸ்டீராய்டு என மூன்று, நான்கு மருந்துகள் கலந்திருக்கும். அந்த ஸ்டீராய்டு பெரும்பாலும் க்ளோபீட்டசால். தோலில் பூசும் ஸ்டீராய்டுகளிலேயே மிக வீரியமான வகை அது.

இரண்டு நாளில் அரிப்பு நின்றது அதனால்தான். அரிப்பும் சிவப்பும் உடல் பூஞ்சையோடு போடும் சண்டையின் அறிகுறிகள். ஸ்டீராய்டு அந்தச் சண்டையை அடக்குகிறது. எதிரி உள்ளே இருக்க, காவல்காரரைத் தூங்க வைப்பது போன்ற வேலை. வெளியே எல்லாம் அமைதியாகத் தெரியும், உள்ளே பூஞ்சை நிம்மதியாகப் படரும்.

இப்படி ஸ்டீராய்டு பூசி உருமாறிய படர்தாமரைக்கு 'டினியா இன்காக்னிட்டோ' என்று 1968-லேயே பிரிட்டிஷ் மருத்துவர்கள் பெயர் வைத்தார்கள். மாறுவேடம் போட்ட படர்தாமரை என்று பொருள். வழக்கமான வட்டம் இருக்காது. அனுபவமுள்ள டாக்டருக்கே சில சமயம் அடையாளம் தெரியாது. மாதக்கணக்கில் பூசினால் தோல் மெலியும். தொடையிலும் அக்குளிலும் பிரசவத் தழும்பு போன்ற கோடுகள் விழும். படர்தாமரை போன பிறகும் அந்தக் கோடுகள் முழுதாகப் போவதில்லை.

ஸ்டீராய்டு பூஞ்சையின் மரபணுவை நேரடியாக மாற்றுவதாக யாரும் சொல்லவில்லை. தொற்று நீண்ட நாள் அடங்காமல் இருப்பது, அதன் மேல் பூஞ்சை மருந்து அரைகுறையாகப் படுவது, இரண்டும் சேர்ந்து மருந்தை வெல்லும் ரகங்கள் தேறி வர வசதி செய்து கொடுத்தன என்பதே தோல் மருத்துவர்கள் பலரின் கணிப்பு. வெப்பம், ஈரப்பதம், நெருக்கமான வசிப்பிடம், நாள் முழுக்க இறுக்கமான ஜீன்ஸ் ஆகியவற்றுக்கும் இதில் பங்கு உண்டு.

இதே ஸ்டீராய்டு க்ரீம்களை முகம் வெளுக்கவும் பயன்படுத்தும் பழக்கம் நாட்டில் உண்டு. இந்தியாவின் 12 மையங்களில் நடந்து 2011-இல் வெளியான ஆய்வு ஒன்றில், முகத்தில் தோல் பிரச்சினையோடு வந்த 2,926 பேரில் 433 பேர் ஸ்டீராய்டு க்ரீம் பூசிக்கொண்டிருந்தது தெரிந்தது. அவர்களில் பலருக்கு அதை எழுதிக் கொடுத்தவர் டாக்டரே அல்ல.

சட்டம் என்ன செய்தது?

மருந்துச் சீட்டு இருந்தால்தான் விற்க வேண்டும் என்ற 'ஷெட்யூல் எச்' பட்டியலில் ஸ்டீராய்டுகள் முன்பே இருந்தன. ஆனால் தோலில் பூசும் வகைகளுக்கு விலக்கு இருந்தது. தோல் மருத்துவர்களின் தேசிய சங்கம் இதை எதிர்த்து ஆண்டுக்கணக்கில் குரல் கொடுத்தது. 2018 மார்ச்சில் மத்திய அரசு 14 ஸ்டீராய்டு வகைகளின் பூச்சு மருந்துகளை இந்தப் பட்டியலுக்குள் கொண்டுவந்தது. சீட்டில்லாமல் அவற்றை விற்பது அன்றிலிருந்து சட்டவிரோதம்.

கூட்டு மருந்துகளின் கதை இன்னும் நீளம். பகுத்தறிவுக்குப் பொருந்தாத கலவைகள் என்று 344 கூட்டு மருந்துகளை 2016 மார்ச்சில் அரசு தடை செய்தது. நிறுவனங்கள் நீதிமன்றம் போயின. உச்ச நீதிமன்றம் விஷயத்தை நிபுணர் குழுவின் பரிசீலனைக்கு அனுப்பியது. அதன் முடிவில் 2018 செப்டம்பரில் 328 கூட்டு மருந்துகள் தடை செய்யப்பட்டன. க்ளோபீட்டசாலோடு பூஞ்சை, பாக்டீரியா மருந்துகளைக் கலந்த க்ரீம்களும் அந்தப் பட்டியலில் இருந்தன.

ஆனால் பட்டியலில் தடை செய்யப்படுவது ஒரு குறிப்பிட்ட கலவை. அதில் ஒரு மருந்தை மாற்றினால் அது வேறொரு கலவை. ஸ்டீராய்டும் பூஞ்சை மருந்தும் சேர்ந்த க்ரீம்கள் இன்றும் சந்தையில் கிடைக்கின்றன. சீட்டில்லாமல் விற்பதைத் தடுக்கும் பொறுப்பு மாநில மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரிகளுடையது. ஊருக்கு எத்தனை மருந்துக் கடை, எத்தனை ஆய்வாளர் என்று யோசித்தால் நிலைமை புரியும்.

நியூயார்க்கில் என்ன நடந்தது?

2023 மே மாதம் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் ஓர் அறிக்கை வெளியிட்டது. நியூயார்க் நகரில் இரு பெண்களுக்கு இண்டோட்டினியே தொற்று உறுதியானது. அமெரிக்காவில் பதிவான முதல் இரண்டு பேர் இவர்கள். ஒருவர் வங்கதேசம் போய் வந்தவர். அவர் குடும்பத்தாருக்கும் அதே போன்ற தோல் தடிப்பு இருந்தது. மற்றொருவர் அண்மையில் எந்த வெளிநாடும் போகாதவர். இருவருக்கும் டெர்பினாஃபின் பலன் தரவில்லை. பூஞ்சை ஏற்கெனவே உள்ளூரில் பரவத் தொடங்கியிருக்கலாம் என்ற கவலை அந்த அறிக்கையிலேயே தெரிந்தது.

இதற்கு நெருங்கிய உறவான இன்னொரு பூஞ்சை ரகம் உடலுறவின் வழியாகப் பரவுவதாகப் பிரான்ஸில் 2023-இல் 13 பேர் கொண்ட தொகுப்பு ஒன்று பதிவானது. 2024-இல் அமெரிக்காவிலும் அந்த ரகத்தின் முதல் நோயாளி கண்டறியப்பட்டார். அவருக்குக் குணமாக நான்கரை மாதம் பிடித்தது.

படர்தாமரை பால்வினை நோய் அல்ல. துண்டு வழியாகவும் அது வரும். ஆனால் தோலோடு தோல் உரசும் எதுவும் பூஞ்சைக்கு வழிதான். தொடை இடுக்கில் வந்ததைச் சொல்லக் கூச்சப்பட்டு மறைக்கும்போது, துணைக்கும் அது போய்ச் சேருகிறது. இந்தியாவில் தோல், பால்வினை, தொழுநோய் மூன்றும் ஒரே மருத்துவப் பட்டமேற்படிப்பாக இருக்கின்றன. இந்தப் பிரிவில் உட்காரும் டாக்டர் ஒரு நாளைக்கு எத்தனையோ பேருக்கு இதைப் பார்க்கிறார். கூச்சம் நோயாளிக்குத்தான், அவருக்கு அல்ல.

ஏன் இது பெரிய செய்தியாகவில்லை?

படர்தாமரையால் யாரும் சாவதில்லை. உலக சுகாதார அமைப்பு 2022 அக்டோபரில் முதன்முறையாக, அதிகக் கவனம் தேவைப்படும் 19 பூஞ்சைகளின் பட்டியலை வெளியிட்டது. உயிரைப் பறிக்கும், உடலுக்குள் ஊடுருவும் பூஞ்சைகளுக்கே அதில் முன்னுரிமை. படர்தாமரைப் பூஞ்சைகள் எதுவும் அதில் இல்லை.

உயிர் போகாவிட்டாலும் இழப்பு சிறிதல்ல. ராத்திரித் தூக்கம் போகிறது. மீட்டிங்கில் உட்கார முடிவதில்லை. மாதக்கணக்கில் மாத்திரைச் செலவு. கல்யாணம் நிச்சயமானவர்களுக்கு இது இன்னொரு பாரம். நாள் முழுக்க வெயிலில் பைக்கில் அலையும் டெலிவரி ஊழியருக்கும், பத்து மணி நேரம் நின்று வேலை பார்க்கும் கடை ஊழியருக்கும் 'வியர்க்காமல் பார்த்துக்கோங்க' என்ற அறிவுரையால் ஒரு பயனும் இல்லை.

வந்துவிட்டால் என்ன செய்வது?

– டியூப்பைத் திருப்பிப் பாருங்கள். க்ளோபீட்டசால், பீட்டாமெத்தசோன், பெக்லோமெத்தசோன், மோமெட்டசோன், ஃப்ளூசினோலோன் என்ற பெயர்கள் இருந்தால் அது ஸ்டீராய்டு. டாக்டர் எழுதாமல் பூச வேண்டாம். சிவப்புக் கோடும் ஆர்.எக்ஸ். குறியும் இருந்தால் அது சீட்டுக்கு மட்டுமே விற்க வேண்டிய மருந்து.

– தோல் டாக்டரிடமே போங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் இந்தப் பிரிவு உண்டு. தோலைச் சுரண்டி, பொட்டாசியம் ஹைட்ராக்ஸைடு சொட்டு விட்டு, நுண்ணோக்கியில் பார்க்கும் எளிய சோதனை உடனே பதில் தரும். என்னென்ன க்ரீம் பூசினீர்கள் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். காலி டியூப்பையே எடுத்துப் போனாலும் நல்லது.

– நடுவில் நிறுத்தாதீர்கள். அரிப்பு நின்றது குணமானதற்கு அடையாளம் அல்ல. தோல் தெளிவான பிறகும், டாக்டர் சொல்லும் வரை தொடர வேண்டும்.

– இட்ராகோனசோலை நீங்களாக வாங்கிச் சாப்பிடாதீர்கள். இதயச் செயலிழப்பு உள்ளவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் அது ஆகாது. சில கொழுப்பு மாத்திரைகளோடு சேர்ந்தால் ஆபத்து. வேறு மாத்திரை ஏதாவது எடுத்துக்கொண்டிருந்தால் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

– துண்டு, உள்ளாடை, படுக்கை விரிப்பைப் பகிராதீர்கள். துணியை உள்பக்கம் வெளியே திருப்பி நல்ல வெயிலில் காயப்போடுங்கள். ஈரம் காயாத ஜீன்ஸை மறுநாள் போட வேண்டாம். அரைஞாண்கயிறு கட்டியிருந்தால் அதைக் கழற்றுவது அல்லது மாற்றுவது நல்லது. கயிற்றின் ஈரத்திலும் பூஞ்சை தங்கும்.

– வீட்டில், ரூமில் வேறு யாருக்காவது இருந்தால் அவர்களும் ஒரே நேரத்தில் வைத்தியம் செய்துகொள்ள வேண்டும். இல்லையென்றால் ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு மாறி மாறிச் சுற்றிக்கொண்டே இருக்கும்.

– பூண்டு, எலுமிச்சை தேய்க்காதீர்கள். தோல் வெந்து புண்ணாகும். பூஞ்சை போகாது.

– பல மாதமாக ஸ்டீராய்டு க்ரீம் பூசியவர்கள் அதை நிறுத்தியதும் முதல் சில நாள் அரிப்பும் சிவப்பும் கூடலாம். 'பழைய க்ரீமே தேவலை' என்று பெரும்பாலானோர் திரும்பிப் போவது அப்போதுதான். டாக்டரின் கண்காணிப்பில் அந்தச் சில நாட்களைத் தாண்டிவிட வேண்டும்.

புதிய மாத்திரை ஏதும் உடனே வந்து காப்பாற்றும் என்று எதிர்பார்க்க முடியாத நிலையில், கையில் இருக்கும் ஒன்றிரண்டு மருந்துகள் எத்தனை நாள் வேலை செய்யும் என்பது அவற்றை எப்படிப் பயன்படுத்துகிறோம் என்பதைப் பொறுத்தது. அடுத்த முறை கவுன்டரில் 'ஏதாவது க்ரீம் குடுங்க' என்று கேட்கும் முன், அந்த 'ஏதாவது' என்ன என்று ஒரு நிமிடம் படித்துப் பார்க்கலாம். எழுத்து பொடியாகத்தான் இருக்கும். மொபைல் கேமராவில் பெரிதாக்கினால் தெரியும்.